சக்கரத்துக்கு வைத்த பொட்டு

எங்கள் மீன்குட்டைக் கரையில் உள்ள மோட்டார் அறையின் கதவுக்குப் பின்னால் ஓர் அட்டை தொங்குகிறது. அதில் மாதத்துக்கு ஒன்றாகக் கோடு போட்ட தாள் செருகப்பட்டிருக்கும். தேதி, தண்ணீரைக் கலக்கும் சக்கரம் ஓடத் தொடங்கிய நேரம், நிறுத்திய நேரம், கையொப்பம் என்று நான்கு கட்டங்கள். முதல் தாளுக்கு என் கணவர் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டுக்கொண்டிருந்தபோது நான் சிரித்தேன்.

"மீனுக்குக்கூட ஆடிட் வருமா?"

"மீனுதான் ஆடிட்டரே. நாம தப்புப் பண்ணினா விடிஞ்சதும் மேல வந்து சொல்லிரும்."

அவர் ஓசூரில் உதிரிபாகங்கள் செய்யும் தொழிற்சாலை ஒன்றின் பராமரிப்புப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அங்கே ஒவ்வொரு இயந்திரத்துக்கும் இப்படி ஒரு தாள் உண்டு. அந்தந்த நேரத்தில் எழுதாமல், வாரக் கடைசியில் உட்கார்ந்து ஒரே மூச்சில் நிரப்பிய தாளை அவர் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவாராம். மை ஒரே நிறமாக இருக்கும், எழுத்து ஒரே பக்கம் சாய்ந்திருக்கும் என்பார். அவருக்குக் கோபம் வந்து நான் பார்த்தது குறைவு. பார்த்ததில் பாதி, பின்னால் நிரப்பிய தாள்களைப் பற்றியது.

நாங்கள் இருவருமே தெற்கிலிருந்து வந்தவர்கள். நான் ஓசூரில் ஒரு பள்ளி நூலகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் ஓய்வு பெற்றதும் சூளகிரி தாண்டி, நெடுஞ்சாலையிலிருந்து சற்று உள்ளே, சிறிய நிலம் ஒன்றில் வீடு கட்டிக்கொண்டு வந்துவிட்டோம். முன்பு அந்த நிலத்தை வைத்திருந்தவர் வெட்டிய பண்ணைக்குட்டை அதில் இருந்தது. கட்லா, ரோகு மீன்கள் விட்டோம். களையைத் தின்னட்டும் என்று புல்கெண்டையும் விட்டோம்.

களை எங்கிருந்து வந்தது என்று தேட வேண்டியதில்லை. எங்களுக்கு மேட்டுப்பக்கம் ரோஜா வளர்க்கும் பாலித்தீன் கூடாரங்கள் வரிசையாக நிற்கின்றன. மழை பெய்தால் அங்கே இட்ட உரம் கரைந்து எங்கள் குட்டைக்குத்தான் இறங்கும். இரண்டாவது ஆண்டே தண்ணீருக்கடியில் வேலம்பாசி காடாக வளர்ந்துவிட்டது. புல்கெண்டைகள் இரவும் பகலும் தின்றாலும் தீராத காடு. மேலே ஆகாயத்தாமரை ஒரு மூலையில் தொடங்கி, ஊதா நிறப் பூவைக் காட்டிக்கொண்டே மெல்ல நகர்ந்து வந்தது.

களையெடுக்க எங்களுக்கு வாய்த்தவள் பக்கத்துக் குடியிருப்பிலிருந்து வரும் ஒரு பெண். காலையில் ரோஜாக் கூடாரத்தில் பூ அறுப்பாள், மதியத்துக்கு மேல் எங்களிடம் வருவாள். வீட்டில் தெலுங்கு, பெங்களூர்ப் பேருந்துக் கண்டக்டரிடம் கன்னடம், எங்களிடம் தமிழ். முழங்கை வரை தண்ணீரில் கையை விட்டு, உள்ளங்கை தெரிகிறதா மறைகிறதா என்று பார்த்தே நீரின் குணத்தைச் சொல்லுவாள். நான் புத்தகத்தில் படித்துச் சொன்னதையும் அவள் கை சொன்னதையும் என் கணவர் ஒப்பிட்டுப் பார்ப்பார். பெரும்பாலும் கைதான் சரியாக இருந்தது.

மூங்கில் கழியின் நுனியில் முள்கட்டைக் கட்டித் தண்ணீருக்குள் விட்டு, அவள் அதை முறுக்குவாள். வேலம்பாசி கூந்தலைப் போலச் சுற்றிக்கொண்டு வரும். நான் அதைக் கரையிலிருந்து தள்ளிக் கொண்டுபோய்க் கொட்டுவேன். கரையிலேயே போட்டால் அதன் சாறு மறுபடியும் குட்டைக்குத்தான் போகும். முதல் நாளே அத்தனையையும் எடுத்துவிடலாம் என்று நான் சொன்னபோது அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"அத்தினியும் எடுத்துட்டா மீனு எங்கக்கா போவும்? மூணுல ஒரு பங்கு எடு, அப்பறம் ஆறப் போடு. நம்ம ஊட்டுச் சாமானெல்லாம் ஒரே நாள்ல தூக்கி வெளிய போட்டா நமக்கு எப்பிடி இருக்கும்?"

"கேட்டுக்கோ," என்றார் என் கணவர். "இவங்களைக் கம்பெனியில சேர்த்திருந்தா எனக்கு மேலதிகாரியா வந்திருப்பாங்க."

"எனுக்கு வாணாம் சார் அந்தக் கம்பெனி. உங்க காதப் பாத்தாலே தெரியுது," என்றாள் அவள். பிரஸ் இயந்திரங்களின் இரைச்சலில் அவருக்குக் காது மந்தமாகியிருந்தது. தன்னைப் பற்றிய கேலி என்பது தெரிந்து, என்ன கேலி என்பது தெரியாமல் அவரும் சேர்ந்து சிரித்தார்.

அந்த ஆண்டுதான் வேறொன்றும் தொடங்கியிருந்தது. கையில் ஸ்பேனரை வைத்துக்கொண்டு, எதற்காக எடுத்தோம் என்று தெரியாமல் அவர் நின்றதை நான் சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்தேன். மீனுக்குத் தீவனம் போட்டுவிட்டு வந்து, கால்மணி நேரத்தில் மறுபடியும் தீவன வாளியை எடுத்தார். நான் வாளியை வாங்கி வைத்தேன். இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை. அந்தத் தாளில் நேரத்தை எழுதும்போது அவர் முகத்தில் இருந்த கவனம் மீன்களுக்கானது என்று நினைத்திருந்தேன். தன்னைத்தானே பிடித்து வைத்துக்கொள்ள அவர் கண்டுபிடித்த கயிறு அது என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது.

புரட்டாசி மழையில் வேலம்பாசி மறுபடி கிளம்பியது. கையால் எடுத்து மாளவில்லை. களைக்கொல்லி வாங்கி வந்தார். அதன் சீட்டில் இருந்ததை என்னை இரண்டு முறை வாசிக்கச் சொன்னார். குட்டையின் மூன்றில் ஒரு பங்குக்கு மட்டும் போட வேண்டும், மிச்சத்துக்கு இடைவெளி விட்டுத்தான் போட வேண்டும். மடிகிற செடி அழுகும்போது தண்ணீரில் உள்ள காற்றையெல்லாம் அது எடுத்துக்கொள்ளும், மீனுக்கு மூச்சு முட்டும். அவர் கயிறு கட்டி அளந்து, சரியாக ஒரு பங்குக்கு மட்டுமே தெளித்தார். ஒரு பிசகும் இல்லை. இதை நான் யாரிடமும் உறுதியாகச் சொல்லுவேன்.

அதற்குத் துணையாகத்தான் சக்கரம். கடைக்காரர் அதை ஏரேட்டர் என்றார். இரண்டு மிதவைகளுக்கு நடுவே மோட்டார், அதன் இருபுறமும் துடுப்பு வைத்த சக்கரங்கள். ஓடும்போது தண்ணீரை வாரி அடித்துக் காற்றைக் கலக்கும். வழக்கமாக மாலையில் ஓடவிட்டுக் காலையில் நிறுத்துவோம். களை மடியத் தொடங்கிய பிறகு மூன்று நாள்களாக வெயிலே இல்லை, மூட்டமும் தூறலுமாக இருந்தது. வெயில் இல்லாவிட்டால் தண்ணீரில் காற்று குறையும், பகலிலும் நிறுத்தக் கூடாது என்று சொல்லிவிட்டார். தாளில் நிறுத்திய நேரத்துக்கான கட்டத்தில் 'தொடர்ந்து ஓடுகிறது' என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

நான்காம் நாள் ஆயுத பூஜை.

ஓசூர்ப் பக்கத்தில் தீபாவளியைவிட அதுதான் பெரிய பண்டிகை என்று எனக்குத் தோன்றியிருக்கிறது. தொழிற்சாலைகளில் எண்ணெய்ப் பிசுக்கு துடைத்து, இயந்திரங்களுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, சாமந்தி மாலை போடுவார்கள். பூசணிக்காய் உடைப்பார்கள். அன்று எந்த இயந்திரமும் ஓடாது. அத்தனை வருஷம் அந்த வழக்கத்துக்குள் வாழ்ந்துவிட்டதால், ஓய்வு பெற்ற பிறகும் எங்கள் வீட்டில் மிக்சிக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் மண்வெட்டிக்கும் பொட்டு வைத்துவந்தோம்.

அன்று மதியம் பழைய ஆட்களையும் பூஜைக்கு அழைத்திருக்கிறார்கள் என்று அவர் ஓசூருக்குக் கிளம்பினார். போகும்போது சக்கரத்தைக் காட்டி, "இதுக்கு மட்டும் லீவு கிடையாது. ஐசியூவில படுத்திருக்கிற ஆளுக்கு ஆக்சிஜன் மாதிரி," என்றார்.

அவர் திரும்பும் நேரமாகப் பார்த்து நான் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தேன். சக்கரம் மட்டும் குட்டையின் நடுவே தண்ணீரை இறைத்துக்கொண்டிருந்தது. எல்லாம் பூச்சூடி இருக்க, இரவு பகலாக உழைக்கிற அது மட்டும் வெறுமையாக இருப்பதற்கு மனம் ஒப்பவில்லை. ஓடும் சக்கரத்துக்குப் பொட்டு வைக்க முடியாது. சுவிட்சை அணைத்தேன். கயிற்றை இழுத்துக் கரைக்குக் கொண்டுவந்து, மோட்டார் மூடியில் மாலை சுற்றி, மூடியின் நிழலில் இருந்த துடுப்பு ஒன்றில் சந்தனமும் குங்குமமும் வைத்தேன். கற்பூரம் காட்டினேன். அது அழகாக இருந்தது. கால்மணி நேரம் இப்படி இருக்கட்டும், அவர் வந்து பார்த்ததும் ஓடவிடலாம் என்று நினைத்தேன்.

அந்தி சாயும் நேரத்தில் அவர் வந்தார். குடையைச் சாய்த்துப் பிடித்து, குனிந்த தலை நிமிராமல், மோட்டார் அறையைத் தாண்டி நேராக வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தார். கையில் கம்பெனியில் கொடுத்த பொரியும் இனிப்பும் இருந்த பை.

"எங்கூடவே ஷிஃப்ட் பார்த்தவன் வந்து கட்டிப்புடிச்சுக்கிட்டான்," என்றார். "பேரு வரல. அவன் 'யாருன்னு சொல்லுங்கண்ணே'ன்னு விளையாட்டாக் கேட்டான். எல்லாரும் பார்க்கிறாங்க. எனக்குப் பேரு வரல."

முதன்முறையாக அதைப் பற்றிப் பேசினோம். அவர் அழுதார் என்று சொல்ல முடியாது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், போட்டார், மறுபடி கழற்றினார். நான் அவர் அருகில் உட்கார்ந்திருந்தேன். தகரக் கூரையில் தூறல் வலுத்தது. தண்ணீரில் தண்ணீர் விழும் ஓசை குட்டைப் பக்கமிருந்து விடாமல் கேட்டது. அதைச் சக்கரத்தின் ஓசை என்றே என் காது எடுத்துக்கொண்டது. சக்கரத்தை நிறுத்தியவள் நான் என்பது அந்த மாலையில் ஒரு தடவைகூட என் நினைவுக்கு வரவில்லை.

விடியற்காலையில் அந்தப் பெண்ணின் குரல்தான் எங்களை எழுப்பியது. பூ அறுக்கப் போகிற வழியில் பார்த்திருக்கிறாள். பயத்தில் அவளுக்குத் தமிழ் வரவில்லை. "சேப்பலு, அக்கா, சேப்பலு!" மீன், மீன் என்று தெலுங்கில் கத்திக்கொண்டிருந்தாள்.

பெரிய மீன்கள்தான் முதலில் போகும் என்று படித்திருக்கிறேன். கட்லாக்கள் வெள்ளை வயிறு மேலே தெரிய, மடிந்த களையோடு களையாகக் கிடந்தன. ரோகுகள் தண்ணீரின் மேல்தோலில் வாயை வைத்து, திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. நூற்றுக்கணக்கான சின்ன வாய்கள். ஓசையே இல்லை. அந்த ஓசையின்மையில்தான் சக்கரம் ஓடவில்லை என்பது எனக்குக் கேட்டது.

அவர் மோட்டார் அறைக்கு ஓடினார். நான் சக்கரத்திடம் ஓடினேன். அது நேற்று நான் இழுத்துக் கட்டிய இடத்திலேயே நின்றது. மூடியின் நிழலில் இருந்ததால் மழைகூடப் படவில்லை. துடுப்பில் குங்குமம் நேற்று வைத்தது போலவே வட்டமாக இருந்தது. ஒரு சுற்று சுற்றியிருந்தாலும் கரைந்திருக்கும். நான் என்ன செய்கிறேன் என்று யோசிப்பதற்குள் என் கை அதை அழித்துவிட்டது. கயிற்றை அவிழ்த்துச் சக்கரத்தை உள்ளே தள்ளினேன்.

சுவிட்சைப் போட்டுவிட்டு அவர் வெளியே வந்தார். சக்கரம் அலறிக்கொண்டு சுற்றத் தொடங்கியது.

"மாலை நீதானே போட்ட?"

"ஆமாங்க."

"போட்டு முடிச்சதும் ஓடவிட்டியா?"

"ம்," என்றேன்.

அந்த ஓரெழுத்தைப் பல முறை எடைபோட்டுப் பார்த்திருக்கிறேன். பக்கத்தில் அந்தப் பெண் நின்றாள், மீன்கள் செத்துக்கொண்டிருந்தன, பிறகு நிதானமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். இவை எல்லாமே உண்மை. பயந்துவிட்டேன் என்பதும் உண்மை.

அவர் தாளைக் கையில் எடுத்து வெகு நேரம் பார்த்தார். "அப்ப நான்தான். இந்த ரூமைத் தாண்டித்தானே வந்தேன். ஆயுத பூஜைன்னு பழைய பழக்கத்தில கை ஆஃப் பண்ணியிருக்கும். எழுதக்கூட இல்ல பாரு." பிறகு, என்னிடம் இல்லை, தாளிடம் சொல்வதுபோல, "ஞாபகமே இல்ல," என்றார்.

இரண்டு நாள் மீன்களை அள்ளினோம். தள்ளி ஒரு குழி வெட்டி, சுண்ணாம்பு போட்டு மூடினோம். பிழைத்தவை கொஞ்சம் ரோகுகளும், எப்படியோ தப்பிய ஒரே ஒரு புல்கெண்டையும்தான். அந்த வாரமே அவர் மோட்டார் சைக்கிள் சாவியை என் மேஜையில் வைத்தார். அடுப்பைத் தொடுவதை நிறுத்தினார். சுவிட்சுகளுக்கு முன்னால் நின்று என்னைக் கூப்பிட்டார். நோய் அதன் வழியில்தான் வந்தது, அதற்கு நான் காரணமில்லை என்று மருத்துவர் சொன்னார். ஆனால் நோய் வந்து எடுத்துக்கொள்ளும் முன்பே அவர் தாமாகவே எல்லாவற்றையும் எடுத்து நீட்டிவிட்டார். அப்படி நீட்டியது என்னுடைய அந்த 'ம்'மை நம்பித்தான்.

தை மாதத்தில் ஒருநாள் நானும் அந்தப் பெண்ணும் மிச்சப் பாசியை எடுத்துக்கொண்டிருந்தோம். முள்கட்டை முறுக்கிக்கொண்டே, என் பக்கம் திரும்பாமல் அவள் சொன்னாள்:

"அக்கா, அன்னிக்கு உங்க கையி செவப்பா இருந்துச்சு."

என் கையிலிருந்த பாசி நழுவித் தண்ணீரில் விழுந்தது.

"எனுக்கு இன்னாக்கா? மீனு போச்சு, புதுக் குஞ்சு வுட்டா வந்துரும். சார் ஒண்டியா ஒக்காந்து அந்த அட்டையவே பாத்துகினு இருக்காரு. அதான் பாக்க முடியலக்கா."

அன்று மாலையே அவரிடம் சொன்னேன். அணைத்தது, இழுத்தது, மாலை போட்டது, மறந்தது, பொட்டை அழித்தது வரை, ஒன்றையும் விடாமல் வரிசையாகச் சொன்னேன். அவர் நான் வாசித்துக் காட்டும் புத்தகத்தைக் கேட்பது போலத் தலையைச் சாய்த்துக் கேட்டார். முடித்ததும் என் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார்.

"நான் மனசு உடைஞ்சிருவேன்னு பயப்படுற. எதுக்கு இதையெல்லாம் உன் தலையில போட்டுக்கிற?"

"இல்லங்க. பொட்டு அப்படியே இருந்துச்சு. நான்தான் அழிச்சேன்."

"பொட்டு இருந்திருந்தா நான் பார்த்திருப்பேனே," என்றார். "மத்தது மறக்கும். பார்க்கிறதை நான் விட்டதில்ல."

அடுத்த நாள் நான் ஒரு முட்டாள்தனம் செய்தேன். அந்தப் பழைய தாளைத் தேடி எடுத்து, ஆயுத பூஜை நாளின் வரிசையில், நிறுத்திய நேரத்தை எழுதி என் கையொப்பத்தையும் இட்டு அவரிடம் காட்டினேன். அவர் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். பல மாதங்களாக அந்த முகத்தில் காணாத கூர்மை ஒரு நொடி வந்தது.

"மை வேற. பின்னாடி போட்டது," என்றார். தாளை மடித்து என்னிடம் கொடுத்தார். கோபப்படவில்லை. "வீட்டுக்குள்ள இதெல்லாம் வேண்டாம்மா."

அதற்குப் பிறகு நான் வாதாடவில்லை.

இப்போது குட்டையில் புது மீன்கள் இருக்கின்றன. வந்த குஞ்சுகளை உப்புத் தண்ணீரில் சற்று நேரம் வைத்திருந்துதான் உள்ளே விட்டோம். மூட்டமான நாளில் தீவனத்தைக் குறைக்கிறேன். மாதம் ஒருமுறை வலை வீசி நாலைந்தை எடுத்து, செதிலில் புண் இருக்கிறதா, செவுள் சிவப்பாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு விடுகிறேன். களையை மருந்து இல்லாமல் கையால்தான் எடுக்கிறோம். மூன்றில் ஒரு பங்கு. பிழைத்த அந்தப் புல்கெண்டை என் முழங்கை நீளத்துக்கு வளர்ந்துவிட்டது. விட்டுவைத்த பாசிக்குள் அது நகரும்போது மேலே ஒரு கோடு மட்டும் நெளியும். அதை நான் பார்ப்பதைவிட அது என்னைப் பார்ப்பது அதிகம் என்று தோன்றும் நாள்களும் உண்டு.

அவர் பலவற்றை மறந்துவிட்டார். நாங்கள் குடியிருந்த ஓசூர் வீடு, என் நூலகம், அந்தப் பெண்ணின் கேலிகள் எல்லாமே போய்விட்டன. சில காலைகளில் என்னை யாரோ என்று நினைத்து மரியாதையாகப் பேசுகிறார். நடந்ததெல்லாம் கரைந்துபோன அந்த மனதில், நடக்காத ஒன்று மட்டும் அப்படியே நிற்கிறது. பொழுது சாயும்போது எழுந்து வாசலுக்கு வந்து கேட்பார்: "சக்கரம் ஓடுதா?"

சென்ற ஆயுத பூஜைக்கு மோட்டார் சைக்கிள் இல்லை, விற்றாகிவிட்டது. மிக்சிக்கும் மண்வெட்டிக்கும் பொட்டு வைத்துக்கொண்டிருந்தேன். அவர் நாற்காலியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். நான் குங்குமக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வெளியே திரும்பியபோது, "சக்கரத்துக்கு வேண்டாம்," என்றார்.

"வைக்கலங்க."

"நான் ஒருதடவை நிறுத்திட்டேன்ல." சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "நீ யார்கிட்டயும் சொல்லலையே?"

"யார்கிட்டயும் சொல்லல," என்றேன். அவர் நிம்மதியாகத் தலையசைத்தார்.

அவரைக் கைப்பிடித்து மோட்டார் அறைக்கு அழைத்துப் போனேன். சுவிட்சைப் போட்டேன். தாளில் தொடங்கிய நேரத்தை எழுதிவிட்டுப் பேனாவை அவரிடம் கொடுத்தேன். கையொப்பம் இப்போது ஒரு சாய்ந்த கோடாகச் சுருங்கிவிட்டது. ஆனாலும் கட்டத்துக்குள்ளேயே போடுகிறார். திரும்பி வரும்போது தூறத் தொடங்கியது. அவரை உட்காரவைத்துவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு மறுபடி கரைக்குப் போனேன். மழை நாள்களில் நான் காதை நம்புவதில்லை. சக்கரம் சுற்றுவதைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் வந்தேன்.